விருதா என்ற சொல்: கிறிஸ்தவ விசுவாசமும் அதன்மீது எழும் ஐயங்களும்

கி.பி. 55 வாக்கில் கிறிஸ்தவத்தின் தொடக்ககால அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின், அதாவது கடிதத்தின், பதினைந்தாம் அதிகாரத்தில், சமய நூல்களில் அரிதாகவே காணக்கூடிய ஒரு வாதம் இருக்கிறது. கிறிஸ்து மரித்தபின் உயிரோடு எழுந்திருக்கவில்லை என்றால் தாம் பிரசங்கித்தது விருதா, அதாவது வீண், கேட்டவர்கள் விசுவாசித்ததும் விருதா, தாமும் தம்மோடு சாட்சி சொன்னவர்களும் கடவுளைப் பற்றிப் பொய்சொன்னவர்கள் ஆவோம் என்று அவர் எழுதுகிறார். மனத்துக்கு ஆறுதல் தருகிறது, ஒழுக்கத்தைக் காக்கிறது, முன்னோர் காட்டிய வழி என்பன போன்ற காரணங்கள் எதையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட ஆளுநரின் காலத்தில் ஒன்று நடந்தது, அல்லது நடக்கவில்லை. நடக்கவில்லையென்றால் கடையைக் கட்டிவிடலாம் என்பதே அவர் நிலை. கிறிஸ்தவத்தின்மீது இன்று வைக்கப்படும் ஐயங்களை எடைபோட இந்த வாதத்தைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் அந்த ஐயங்களில் பல இந்தக் கூற்றைத் தொடாமலே பக்கத்தில் கடந்து போகின்றன. சில மட்டுமே நேராக அதன்மேல் வந்து விழுகின்றன. இரண்டு வகையையும் ஒன்றாகப் பாவிப்பது மறுப்பவருக்கும் நியாயம் செய்யாது, விசுவாசிக்கும் நியாயம் செய்யாது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். சான்று இருந்தால் அது அறிவு, சான்று இல்லாதபோதும் விடாமல் பிடித்துக்கொள்வதே நம்பிக்கை என்பது பரவலான கருத்து. தமிழில் இந்தக் குழப்பத்துக்குக் கூடுதல் வசதியும் உண்டு. கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை, தன்னம்பிக்கை, நம்பிக்கைக்குரிய நண்பர், நாளை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களை ஒரே சொல் சுமக்கிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவற்றைப் பிரித்தே வைக்கிறது. மூலத்தில் உள்ள பிஸ்திஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு விசுவாசம் என்றும், எதிர்நோக்கைக் குறிக்கும் எல்பிஸ் என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்றும் எழுதுகிறது. பிஸ்திஸ் என்பது நம்பகம், பற்றுறுதி, கொடுத்த வாக்குக்கு உண்மையாயிருத்தல் ஆகியவற்றைக் குறித்த சொல். அரிஸ்டாட்டில் சொற்கலையைப் பற்றி எழுதும்போது, கேட்பவரை ஏற்கவைக்கும் சான்றுவகைகளுக்கே இந்தப் பெயரைத் தருகிறார். எனவே சான்றுக்கும் விசுவாசத்துக்கும் பிறவிப் பகை ஒன்றும் கிடையாது. ஓர் அறுவை மருத்துவரின் தேர்ச்சியை விசாரித்து அறிவது ஒரு செயல். அவர் கத்தியின் கீழ் உடலைக் கிடத்துவது வேறு செயல். முதலாவது எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் இரண்டாவது தேவைப்படும். முதலாவது நடக்காமலே இரண்டாவதைச் செய்பவரை யாரும் பாராட்டுவதில்லை. பேதுருவின் முதல் நிருபமும், தங்களுக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அப்போலோகியா என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. வழக்குமன்றத்தில் தன் தரப்பை எடுத்துரைப்பதற்கு அக்காலத்தில் வழங்கிய சொல் அது. அதே வாக்கியம் சாந்தத்தோடு பதில் சொல்லவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கும் பலருக்கு இரண்டாம் பாதி மறந்துபோவது வருத்தத்துக்குரியது.

இந்த ஐயங்கள் நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று இரு தரப்பாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கி.பி. 178 வாக்கிலேயே கெல்சுஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் கிறிஸ்தவத்தை மறுத்து ஒரு முழு நூல் எழுதினார். இயேசு மாயவித்தை கற்றவர், அவர் உயிர்த்தெழுந்ததைக் கண்டதாகச் சொன்னவள் பித்துப்பிடித்த ஒரு பெண், கிறிஸ்தவர்கள் கல்லாதவர்களையும் அடிமைகளையும் சிறுவர்களையும் மட்டுமே வசப்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். கெல்சுஸின் நூல் அழிந்துவிட்டது. மறுக்கவந்த ஒரிகன் அதை நீளநீளமாக எடுத்துக்காட்டியதால்தான் அதன் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்று முதலில் எழும் ஐயம் அறிவியலின் பெயரால் வருகிறது. அறிவியலும் கிறிஸ்தவமும் தொடக்கம் முதல் போரிட்டு வந்தன என்ற சித்திரம், ஜான் வில்லியம் டிரேப்பர் 1874-லும் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் 1896-லும் வெளியிட்ட நூல்கள் வழியாகப் பரவியது. அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அந்தச் சித்திரத்தை வெகுநாட்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். இதற்காகக் கலிலியோவுக்கு 1633-இல் இழைக்கப்பட்டதை மழுப்ப வேண்டியதில்லை. அது அநீதி, தவறு நேர்ந்ததை ஒரு போப்பாண்டவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள 1992 வரை ஆயிற்று. ஆனால் கலிலியோ கடைசிவரை விசுவாசியாகவே இருந்தார் என்பதும், கெப்ளரும் ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும் தங்கள் ஆய்வைப் படைத்தவரின் கைவேலையைப் படிப்பதாகவே கருதினார்கள் என்பதும் அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜார்ஜ் லெமெத்ர். பெல்ஜியத்தைச் சேர்ந்த இந்தக் கத்தோலிக்கக் குரு 1927-இல் பேரண்டம் விரிவடைகிறது என்று காட்டினார். 1931-இல் அதற்கு ஓர் ஆதித் தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அந்தக் கருத்தை ஏற்காத வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் 1949-இல் ஒரு வானொலி உரையில் அதைப் பெருவெடிப்பு என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்கு ஆதரவான சான்றாகப் பேசியபோது லெமெத்ருக்கு அது உவப்பாக இல்லை. இயற்பியல் கோட்பாட்டை வேதத்துக்கு முட்டாகக் கொடுத்தால், நாளை கோட்பாடு மாறும்போது வேதமும் சேர்ந்து சாயும் என்பது இதில் அடங்கிய ஆபத்து. விசுவாசத்துக்காக வாதாடுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இந்தக் குருவிடம் இருக்கிறது. அறிவியல் இன்னும் விளக்காத இடங்களில் கடவுளைக் குடிவைப்பவர், ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் கடவுளை அங்கிருந்து காலிசெய்யச் சொல்ல நேரிடும். கிறிஸ்தவ மரபின் கூற்று அதுவாக இருந்ததே இல்லை. ஒரு பாட்டின் சுரங்களை ஒன்றுவிடாமல் குறித்துவிட்டால் பாடகர் தேவையற்றவராகிவிடுவதில்லை. அதுபோல விளக்கப்பட்ட இயற்கையும் விளக்கப்படாத இயற்கையும் ஒருங்கே எதனால் இருக்கின்றன என்பதே கேள்வி. ஆதியாகமத்தின் ஆறு நாட்களை இருபத்துநான்கு மணிநேர நாட்களாக வாசிக்கவேண்டிய கட்டாயமில்லை என்று இறையியலாளர் அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். டார்வினுக்கு அஞ்சிச் செய்துகொண்ட சமரசம் என்று அதைச் சொல்லமுடியாது. பரிணாமத்தை மறுப்பதை விசுவாசத்தின் உரைகல்லாக்குபவர்கள், தேவையற்ற ஒரு சுமையைத் தங்கள் பிள்ளைகளின் தோளில் ஏற்றுகிறார்கள் என்பது என் கருத்து.

இங்கே வழக்கமாகக் குறுக்கிடும் கேள்வி, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளைப் படைத்தது யார் என்பது. கேட்பதற்கு மடக்குவதுபோல் இருந்தாலும், எவரும் சொல்லாத ஒன்றையே இது மறுக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் தோமா முதலான எவரும் வாதிடவில்லை. இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய ஒன்று இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் வேண்டும் என்பதே அவர்கள் எடுகோள். 1948-இல் பிபிசி வானொலியில் ஃப்ரெடரிக் கோப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைக் குருவும் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸலும் இதைப் பற்றி விவாதித்தபோது, பேரண்டம் வெறுமனே இருக்கிறது, அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை என்ற நிலையை ரஸல் எடுத்தார். அது முரணற்ற நிலைதான். ஆனால் கேள்வியை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளும் முடிவு அது. நிறுத்தவேண்டிய இடம் எது என்பதில்தான் இரு தரப்பும் வேறுபடுகின்றன. தன்னிலேயே நிலைத்திருக்கும் ஒன்றில் நிறுத்துவதா, இப்படி இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய ஒன்றில் நிறுத்துவதா என்று பார்த்தால் முதலாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதே சமயம் இந்த வாதம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதிலும் நேர்மை வேண்டும். எல்லாவற்றுக்கும் அடித்தளமாக ஒன்று உண்டு என்பதுவரை அது வரும். அந்த ஒன்று ஆபிரகாமை அழைத்தது என்றோ சிலுவையில் தொங்கியது என்றோ அது சொல்லாது. அதற்கு வரலாற்றிடம்தான் போகவேண்டும்.

வரலாற்றின் வாசலிலேயே ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் நிற்கிறார். இயற்கை விதிக்குப் பின்னால் மாறாத மனித அனுபவம் முழுவதும் நிற்கிறது. அற்புதத்துக்குப் பின்னால் சிலரின் சாட்சியம் மட்டுமே நிற்கிறது. ஆகவே சாட்சி சொன்னவர் ஏமாந்தார் அல்லது ஏமாற்றினார் என்று கொள்வதே எப்போதும் அறிவுடைமை என்பது அவர் 1748-இல் வைத்த வாதத்தின் சாரம். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. காதில் விழும் அற்புதக் கதைகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஹியூம் சொன்னபடியே தள்ளிவிடுவது விசுவாசிக்கும் நல்லது. ஆனால் மாறாத அனுபவம் என்ற சொல்லுக்குள் விடை முன்பே ஒளிந்திருக்கிறது. விதிவிலக்கே நடந்ததில்லை என்று முதலில் தெரிந்திருந்தால்தான் அனுபவம் மாறாதது என்று சொல்லமுடியும், விவாதிக்கப்படுவதோ அதுதான். இறந்தவர் தாமாக எழுவதில்லை என்பதைக் கிறிஸ்தவமும் மறுக்கவில்லை. கடவுள் ஒருவரை எழுப்பினார் என்பதே அதன் கூற்று. அந்தக் காலத்து மக்கள் அறியாமையால் நம்பிவிட்டார்கள் என்று சொல்வதும் எடுபடாது. மரியாள் கருவுற்றதை அறிந்ததும் யோசேப்பு அவரைத் தள்ளிவிடவே எண்ணினார்; குழந்தை எப்படி உண்டாகும் என்று அவருக்குத் தெரியும். ஏதென்ஸில் பவுல் உயிர்த்தெழுதலைச் சொன்னதும் கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். செத்தவர் செத்தவரே என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ், கி.பி. 64-இல் ரோம் எரிந்தபின் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டதை எழுதும்போது, அப்பெயருக்குக் காரணமான கிறிஸ்து பேரரசர் திபேரியு காலத்தில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்று குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்கள்மேல் தாசித்துஸுக்கு இருந்தது அருவருப்பு மட்டுமே. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இயேசுவை இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறார். அவற்றில் நீளமான பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவக் கைகள் வேலைசெய்திருக்கின்றன; அதை முழுச் சான்றாக நீட்டுவது தவறு. இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதைச் சொல்லும் சிறு குறிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. விசுவாசத்தைக் கைவிட்டவரான புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மனே, இயேசு வரலாற்று மனிதர் என்பதை நிறுவ 2012-இல் தனி நூல் எழுதினார். இயேசுவின் கதை மித்ராஸ், ஒசிரிஸ் என்ற பழைய தெய்வங்களின் கதைகளின் நகல் என்ற வாதமும் இத்தகையதே. மித்ராஸ் பாறையிலிருந்து பிறந்தவராகச் சித்திரிக்கப்படுகிறார். அவர் இறந்து எழுந்ததாகப் பழைய சான்று எதுவும் கிடையாது.

வேதாகமம் திரும்பத்திரும்பப் படியெடுக்கப்பட்டுச் சிதைந்துவிட்டது என்ற ஐயத்துக்கு இதைவிடக் கனம் உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் படிகள், துண்டுகளையும் சேர்த்து, ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள பாட வேறுபாடுகள் இலட்சக்கணக்கானவை. எண் அச்சுறுத்தினாலும், படிகள் பெருகப்பெருக வேறுபாடுகளும் பெருகும் என்பது இயல்பு. ஒரே ஒரு படி மட்டும் மிஞ்சியிருந்தால் வேறுபாடு ஒன்றுகூட இருக்காது, ஆனால் ஒப்பிட்டுத் திருத்த வழியும் இருந்திருக்காது. மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல்வரிசை மாற்றம் போன்றவை. பெரியவை சில உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றி யோவானில் வரும் பகுதியும் மிகப் பழைய படிகளில் இல்லை. இதை மறுப்பாளர்கள் தோண்டி எடுத்த இரகசியமாகச் சொல்வதும் சரியில்லை. இன்றைய பதிப்புகள் பல அந்த இடத்திலேயே குறிப்பிட்டு அச்சிடுகின்றன. எந்த நூல்கள் வேதத்தில் சேரவேண்டும் என்று 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் வாக்களித்துத் தீர்மானித்தது என்ற கதையும் சுற்றுகிறது. அந்தச் சங்கம் கூடியது முதன்மையாக ஆரியுஸ் என்ற குருவின் போதனையை விசாரிக்க. நூல்களின் பட்டியலை அது முடிவுசெய்யவில்லை. ஆனால் பாடம் நன்றாகக் காக்கப்பட்டிருப்பதால் மட்டும் அதில் உள்ளது உண்மை என்று ஆகிவிடாது. ஒரு பொய்யைக்கூடப் பழுதில்லாமல் படியெடுக்கலாம். கிறிஸ்தவ மேடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

ஆகவே பவுல் வைத்த நிபந்தனைக்கே திரும்பவேண்டும். அதே அதிகாரத்தில் அவர் தாம் பெற்றுக்கொண்டு ஒப்புவித்ததாக ஒரு வாசகத்தைத் தருகிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவின் மறுபெயர்) பன்னிருவருக்கும் தரிசனமானார் என்று தாளக்கட்டோடு போகும் அது, நிருபத்துக்கு முன்பே வழக்கிலிருந்த ஓர் அறிக்கை என்று கிறிஸ்தவரல்லாத அறிஞர்கள் பலரும் ஏற்கிறார்கள். பவுல் அதை எங்கே பெற்றார் என்பதற்கு அவருடைய இன்னொரு நிருபம் துப்புத் தருகிறது. தாம் மனம் மாறிய மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரரான யாக்கோபைச் சந்தித்ததாகவும் கலாத்தியருக்கு எழுதுகிறார். இயேசு கொல்லப்பட்டது 30 அல்லது 33-ஆம் ஆண்டு. ஆக இந்தச் செய்தி சம்பவத்திலிருந்து சில ஆண்டுகள் தொலைவிலேயே, அதே ஊரில், அதைக் கண்டதாகச் சொன்னவர்களின் வாயில் இருந்தது. தலைமுறைகள் கடந்து ஊதிப்பெருத்த புராணம் என்ற விளக்கத்துக்கு இதற்குள் இடம் போதாது. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சேர்ப்பது, விசாரித்துக்கொள்ளலாம் என்ற அழைப்பைப்போலவே ஒலிக்கிறது.

சுவிசேஷங்களின் கதையில் இன்னொரு விசித்திரம். காலியான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியம் ஏற்கப்படலாகாது என்று ஜோசிபஸ் எழுதிய சமுதாயம் அது. கெல்சுஸ் பரிகசித்ததும் சரியாக இந்த இடத்தைத்தான். கட்டிச்சொல்ல உட்கார்ந்தவர்கள் பேதுருவையோ யோவானையோ அங்கே முதலில் நிறுத்தியிருப்பார்கள். பவுல் தரும் பட்டியலில் பெண்கள் இல்லை, காலிக் கல்லறையைப் பற்றி அவர் தனியாகப் பேசவும் இல்லை என்று மறுப்பவர்கள் சுட்டுவது உண்மையே. ஆனால் அடக்கம்பண்ணப்பட்டு எழுந்தார் என்று, உடல் உயிர்த்தெழும் என நம்பிய பரிசேயர் என்ற யூதப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் எழுதும்போது, உடல் குழியிலேயே கிடந்தது என்ற பொருளில் எழுதியிருக்க மாட்டார்.

யூதர்களின் எதிர்பார்ப்பும் இதில் சேர்கிறது. உலக முடிவில் எல்லாரும் எழுவார்கள் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். வரலாற்றின் நடுவில் ஒருவர் மட்டும், அதுவும் கொலையுண்ட மேசியா (யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர்) ஒருவர், எழுவார் என்ற எதிர்பார்ப்பு எவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. 135-இல் யூதக் கிளர்ச்சித் தலைவர் பார் கோக்பா ரோமர்களிடம் வீழ்ந்தபோது, அவரை மேசியா என்று நம்பியவர்கள் அவர் மேசியா இல்லை என்று முடிவுசெய்தார்கள். எழுந்துவிட்டார் என்று யாரும் கிளம்பவில்லை. ஆசைதான் தரிசனமாக உருவெடுத்தது என்றால், ஆசைக்கு முன்பே ஒரு வடிவம் இருந்திருக்க வேண்டும். இங்கே அந்த வடிவமே புதிது. அதோடு பவுல் துக்கத்தில் இருந்த சீடர் அல்லர், அவர்களை வேட்டையாடியவர். இயேசு உயிரோடிருந்தபோது அவரை விசுவாசிக்காத குடும்பத்தைச் சேர்ந்த யாக்கோபு, பின்னர் எருசலேம் சபையின் தலைவராகிக் கொலையுண்டார். சீடர்களுக்கு ஏதோ ஓர் அனுபவம் நேர்ந்தது என்பதைக் கிறிஸ்தவத்திலிருந்து வெளியேறிய ஜெர்மானிய அறிஞர் கெர்ட் லூடமன் போன்றவர்களும் ஏற்றார்கள்; அதை உளவியலால் விளக்கினார்கள். யூத அறிஞர் பின்காஸ் லாபிடே, இயேசுவை மேசியாவாக ஏற்காமலே, உயிர்த்தெழுதல் நடந்த நிகழ்ச்சி என்ற முடிவுக்கு வந்தார்.

இத்தனையும் சொன்னபின், வரலாறு இதை நிரூபித்துவிட்டது என்று முழங்குவது மிகை. மரணம், அடக்கம், தரிசனங்கள், அவற்றால் புரண்டுபோன மனிதர்கள் என்ற இடம்வரை வரலாற்று ஆய்வு கூட்டிவரும். கடவுள் எழுப்பினார் என்ற கடைசி அடியை ஒருவர் எடுப்பாரா என்பது, கடவுள் இருக்கக்கூடும் என்று அவர் ஏற்கெனவே எவ்வளவு கருதுகிறார் என்பதையும் பொறுத்திருக்கிறது. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே கண்ட தூதர்கள் எத்தனை பேர் என்பதில் சுவிசேஷங்கள் ஒத்துப்போகவில்லை. பல சாட்சிகள் சொல்லும் ஒரே நிகழ்ச்சியில் இது இயல்பு என்று நான் ஏற்கிறேன். ஆனால் இயேசு பிறந்தது ஏரோது மன்னர் காலத்தில் என்றிருக்க, அந்தப் பிறப்பை ஒட்டி லூக்கா சொல்லும், சிரேனியு என்ற ரோம ஆளுநரின் குடிமதிப்பு ஏரோதின் மரணத்துக்குச் சுமார் பத்தாண்டு பின்னால் நிகழ்ந்ததாகவே மற்றச் சான்றுகள் காட்டுகின்றன. அதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்த முடிச்சு அவிழாமலே இருக்கட்டும். உயிர்த்தெழுதலின் சான்று அதில் தொங்கவில்லை.

நீங்கள் வேறொரு தேசத்தில் பிறந்திருந்தால் வேறொரு மதத்தை நம்பியிருப்பீர்கள் என்பதும், மதம் ஒரு தந்தையைத் தேடும் மனத்தின் ஏக்கம் என்று ஃபிராய்ட் 1927-இல் சொன்னதும் ஒரே இனத்து வாதங்கள். ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் அது பொய் என்று காட்டியதாகாது. யார் வாயில் கேட்டாலும் மெய் எது என்று பார்ப்பதே அறிவு என்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தியும் இல்லை. மேலும் ஐயவாதியும் ஓரிடத்தில், ஒரு காலத்தில் பிறந்தவரே. கடவுள் இருக்கவேண்டும் என்ற ஆசை சிலரிடம் உண்டென்றால், கணக்குக் கேட்பவர் எவரும் இருக்கக்கூடாது என்ற ஆசையும் சிலரிடம் உண்டு.

சபையின் குற்றங்களை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. 1099-இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமுக்குள் நுழைந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அடிமை வணிகத்துக்கு வேதவசனம் காட்டியவர்கள் இருந்தார்கள். மறுபக்கம், கடவுளின் சாயலை விலைபேச நீ யார் என்ற பொருள்பட நான்காம் நூற்றாண்டிலேயே அடிமைமுறையின் அடிவேரைத் தாக்கிப் பிரசங்கித்த நிசாவின் கிரகோரியும், 1807-இல் பிரிட்டனில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யவைத்த சட்டத்துக்காக வாதாடிய வில்பர்ஃபோர்ஸும் கிறிஸ்தவர்களே. இந்த இரண்டாம் பட்டியலைக் கொண்டு முதல் பட்டியலை அடித்துவிட முடியாது. நாத்திக அரசுகள் இருபதாம் நூற்றாண்டில் செய்த கொலைகளை எண்ணிக்காட்டுவதும் பதிலாகாது. அவன் செய்யவில்லையா என்பது சிறுபிள்ளைகளின் வழக்கு. சொல்லக்கூடியது ஒன்றுதான். எளியவனை மிதிப்பது அநியாயம், பலம் உரிமை ஆகாது என்று நாம் எந்த அளவுகோலால் அந்தச் சபையைத் தீர்க்கிறோமோ, அந்த அளவுகோலை மனிதர் விருப்பத்துக்கு அப்பாற்பட்டதாக நாம் கருதுகிறோம். கடவுளை நம்பாதவர் நல்லவராக வாழமுடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களில் பலர் விசுவாசிகளைவிட நல்லவர்கள். அநியாயம் என்ற அந்தத் தீர்ப்புக்கு நம் விருப்பத்தைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்பதுதான் கேள்வி.

நேராக வந்து விழும் ஐயம் துன்பம். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில், ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பனில் பூமி அதிர்ந்தது. பலிபீடங்களின் மெழுகுவர்த்திகளே பல இடங்களில் தீக்குக் காரணமாயின. உயர்ந்த இடத்துக்கு ஓடாமல் ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வாரிக்கொண்டது. நன்மையே உருவான, எல்லாம் வல்ல கடவுள் என்ற கருத்தும் இப்படி ஒரு காலையும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று மெய்யியலாளர் ஜே.எல். மேக்கி 1955-இல் தர்க்க வடிவில் வாதிட்டார். தீமையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இல்லாமல் அன்பைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் இல்லை, ஆகவே அந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில் தர்க்க முரண் இல்லை என்று கிறிஸ்தவ மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா 1974-இல் பதில் வைத்தார். தர்க்க முரணை யாரும் நிறுவிவிடவில்லை என்பதை நாத்திகரான வில்லியம் ரோவும் 1979-இல் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே கட்டுரையில் அவர் வேறொரு காட்சியை வைத்தார். காட்டுத்தீயில் வெந்து, எவர் கண்ணிலும் படாமல், பல நாட்கள் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டி. அதில் யாருடைய சுதந்திரம் காக்கப்பட்டது, யார் பண்பட்டார்கள்? நமக்குக் காரணம் தெரியாததால் காரணமே இல்லை என்றாகாது என்ற பதில் தர்க்கத்தில் சரி. இழவு வீட்டில் அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

யோபின் புத்தகத்தில், துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்து விளக்கிய நண்பர்களையே கடவுள் கடிந்துகொள்கிறார். கேள்வி கேட்டுக் குமுறிய யோபை நிதானமாய்ப் பேசினவன் என்கிறார். கிறிஸ்தவத்திடம் இருப்பதும் விளக்கம் அன்று, ஒரு நிகழ்ச்சி. அதன் கூற்றுப்படி கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று அதை அனுமதித்துக்கொண்டிருக்கவில்லை. அதன் உள்ளே வந்தார். என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் இயேசு எழுப்பிய கதறலை மாற்கு கிரேக்கத்தில் மட்டும் எழுதாமல், எலோயீ என்ற அரமேய ஒலியோடு அப்படியே வைத்திருக்கிறார். லூக்காவில் அது இல்லை. தலைவரின் பெருமையைப் பாட எழுதப்பட்ட நூலில் இருக்கத்தகாத வாக்கியம். மறக்கமுடியாதவர்கள் மட்டுமே எழுதிவைத்திருக்கக்கூடிய வாக்கியம். ரோவின் மான்குட்டிக்கு இது பதிலாகுமா என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது. மூன்றாம் நாளில் ஒன்றும் நடக்கவில்லையென்றால், ரோம அரசு சிலுவைகளில் அறைந்த ஆயிரக்கணக்கானவர்களில் இயேசு இன்னொருவர்; துன்பத்தின் பட்டியலில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவே. விருதா என்ற சொல்லைப் பவுல் அங்கேதான் வைத்தார்.